தவறிப்போகும் தடுப்பூசிகள்: வாசகர் கேள்வி – பதில்

குழந்தைகளின் தடுப்பூசி தொடர்பாக வந்து சேர்ந்த கடிதங்களை இம்மாதம் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை விடுத்து ஊரை மட்டும் தந்துள்ளேன். கேள்விகள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: ஐயா, நான் ஒரு முன்பள்ளி ஆசிரியை. புதிதாகச் சேரும் பிள்ளைகளின் கிளினிக் கொப்பிகளைப் பார்க்கும்போது, ஒவ்வோர் ஆண்டும் இரண்டொரு பிள்ளைகளுக்கு ஏதாவதோர் ஊசி விடுபட்டிருக்கிறது. ஊசி இலவசம், குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறார், பெற்றோரும் படித்தவர்களே. அப்படியிருந்தும் ஏன் தவறுகிறது? – திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

பதில்: பெற்றோரின் அசட்டை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடித்துவிடுகிறார்கள். ஆனால் விடுபட்ட ஊசிகளின் பின்னாலுள்ள கதைகளைக் கேட்டுப் பார்த்தால், ஊசி வேண்டாம் என்று முடிவெடுத்த பெற்றோர் அவற்றுள் மிகச் சிலரே. மற்றவர்கள் எல்லோரும் "அடுத்த கிளினிக்குக்குப் போவோம்" என்று நினைத்தவர்கள்.

நாட்டின் நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டம் 1978இல் தொடங்கியது. இன்று ஆறு மாதத்துக்குள் ஏற்றவேண்டிய மூன்று ஐங்கூட்டு ஊசிகளையும் (ஐந்து நோய்களுக்கு ஒன்றாக ஏற்றுவது) பெற்றுவிடும் குழந்தைகள் நூற்றுக்கு நூறை ஒட்டியே இருக்கிறார்கள். உலகத்தை எடுத்துக்கொண்டால், 2023ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1 கோடி 45 இலட்சம் குழந்தைகள் இவ்வகை ஊசியை ஒரு தடவைகூடப் பெறவில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் கணக்கிட்டன. எனவே ஊசியே காணாத பிள்ளை எங்கள் ஊரில் அரிது. தொடங்கிவிட்டு இடையில் நின்றுபோன பிள்ளையும், மாதக்கணக்கில் பிந்திப்போன பிள்ளையுமே உங்கள் முன்பள்ளிக்கு வருகிறார்கள்.

அட்டவணையைச் சற்றுப் பாருங்கள். பிறந்ததும் வைத்தியசாலையிலேயே காசநோய்க்கான பி.சி.ஜி. ஏற்றப்படுகிறது. 2, 4, 6 மாதங்களில் ஐங்கூட்டு ஊசியும் போலியோச் சொட்டு மருந்தும், அவற்றுள் முதல் இரண்டு தடவைகளிலும் போலியோ ஊசியும் உண்டு. 9 மாதத்தில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்றுக்குமான எம்.எம்.ஆர்.; 12 மாதத்தில் யப்பானிய மூளையழற்சிக்கான ஊசி; 18 மாதத்தில் தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி ஆகிய மூன்றுக்குமான முக்கூட்டு ஊசியும் சொட்டு மருந்தும்; 3 வயதில் இரண்டாவது எம்.எம்.ஆர்.; 5 வயதில் தொண்டைக்கரப்பனுக்கும் ஏற்புவலிக்குமான ஊசியுடன் கடைசிச் சொட்டு மருந்து. முதல் ஆறு மாதத்தில் தாய் பெரும்பாலும் வீட்டிலிருக்கிறார். நிறை பார்க்கவும் பாலூட்டல் பற்றிக் கேட்கவும் குடும்பநல உத்தியோகத்தர் வந்துபோகிறார். வீட்டின் பேச்சே குழந்தையைச் சுற்றித்தான். ஒரு வயதுக்குப் பின்னர் நிலைமை மாறுகிறது. 12 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் இடையில் அரை வருடம், அதற்கும் 3 வயதுக்கும் இடையில் ஒன்றரை வருடம் என்று இடைவெளி நீள்கிறது. அதற்குள் தாய் வேலைக்குத் திரும்பியிருப்பார், அல்லது அடுத்த பிள்ளை வயிற்றில் இருக்கும். ஓடித்திரியும் பிள்ளைக்கு ஊசி பாக்கியிருக்கிறது என்ற எண்ணமே வீட்டில் எழுவதில்லை. உங்கள் கொப்பிகளில் வெறுமையாகக் கிடக்கும் வரிகள் பெரும்பாலும் 18 மாதத்துக்கும் 3 வயதுக்கும் உரியனவாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

அடுத்தது வீடு மாறுதல். தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய் வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கம். பிள்ளை அங்கேயுள்ள குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிவாகும். இரண்டாம் மாத ஊசியும் அங்கேயே நடக்கும். பிறகு தாயும் பிள்ளையும் கணவன் வீட்டுக்கோ வாடகை வீட்டுக்கோ போவார்கள். பழைய பிரிவில் "பிள்ளை போய்விட்டது" என்றிருக்கும், புதிய பிரிவில் அப்படியொரு பிள்ளை வந்ததே தெரியாதிருக்கும். பருவத்துக்குப் பருவம் கரை மாறி வாடி அடித்துத் தொழில் செய்யும் கடற்றொழிலாளர் குடும்பங்களுக்கும் இதே கதிதான். வெளிநாட்டு வேலைக்குத் தாய் போய்விட, அம்மம்மாவிடம் வளரும் பிள்ளைகளையும் இதில் சேர்க்கவேண்டும். அந்த அம்மம்மாவுக்குப் பிள்ளையின் மேல் அக்கறை குறைவில்லை. ஆனால் கொப்பி அலுமாரிக்குள் நகைப் பெட்டிக்குக் கீழே பத்திரமாக இருக்கும், அதைத் திறந்து பார்க்கவேண்டிய நாள் எதுவென்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

கிளினிக் நடக்கும் நேரமும் ஒரு காரணம். அது வேலை நாளில், காலையில் நடக்கிறது. வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்கு நிற்கும் தாய்க்கு அந்தக் காலை ஒரு நாள் சம்பளம். ஊசி இலவசமென்றாலும் ஓட்டோக் கூலியும் இழந்த கூலியும் இலவசமல்ல.

நிருவாகத்தின் பக்கத்திலும் ஒரு காரணம் உண்டு, பெற்றோர் அறியாதது. எம்.எம்.ஆர். தூளாக வரும் மருந்து. பல பிள்ளைகளுக்குரிய அளவு ஒரே குப்பியில் இருக்கும். கரைத்தபின் ஆறு மணித்தியாலத்துக்குள் பாவித்துவிட்டு, மிஞ்சியதை எறிந்துவிடவேண்டும். கிளினிக் முடியும் தறுவாயில் ஒரேயொரு பிள்ளையோடு ஒரு தாய் வந்து நின்றால், குப்பியை உடைப்பதா என்று ஊழியர் தயங்குவது இயல்பு. "அடுத்த முறை வாருங்கோ" என்று அனுப்பிவிடுவார்கள். மருந்து வீணாகக்கூடாது என்ற எண்ணத்தில் குற்றமில்லை. ஆனால் அன்று திரும்பிப் போன தாய் அடுத்த முறை வருவார் என்பதற்கு உறுதி எதுவுமில்லை. குப்பியில் மிஞ்சும் மருந்தைவிட ஊசியில்லாமல் திரும்பும் பிள்ளையே பெரிய நட்டம் என்பது என் கருத்து. உலகெங்கும் பொதுச் சுகாதாரத் துறையினரும் இதையே வற்புறுத்துகிறார்கள்.

கடைசியாக, ஏச்சு. பிந்திவந்த தாயை நாலு பேருக்கு முன்னால் "இவ்வளவு நாளும் எங்கே போனீர்?" என்று கேட்டுவிட்டால், அவர் அன்றைக்கு ஊசியை ஏற்றிக்கொண்டு போவார், அதற்குப் பின் வரமாட்டார். கணவன் இல்லாமல் பிள்ளை பெற்றவர்கள், பிறப்புப் பதிவில் சிக்கலுள்ளவர்கள், வறுமையால் பிள்ளையின் நிறை குறைந்திருப்பவர்கள் ஆகியோருக்கு இந்தப் பயம் இரட்டிப்பாகும். கிளினிக்குக்கு வராத தாய்மாரில் ஒரு பகுதியினர் ஊசிக்குப் பயந்தவர்களல்லர், கேள்விக்குப் பயந்தவர்கள்.

நோய்களை மறந்துவிட்டோம் என்பதையும் சொல்லவேண்டும். போர்க்காலத்தில், 1990களின் நடுப்பகுதியிலிருந்து, தேசிய போலியோத் தடுப்பு நாள்களுக்காக யுனிசெப்பின் முயற்சியால் இரு தரப்பும் சண்டையை நிறுத்திவைத்தன; தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கால் சூம்பிய பிள்ளையை ஒவ்வோர் ஊரிலும் கண்டிருந்த தலைமுறை அது. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி இனங்காணப்பட்டது 1993இல். தொண்டைக்கரப்பனையும் குக்கலையும் கண்ணால் காணாத இன்றைய தாய்க்கு, அவற்றுக்கான ஊசியை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைப்பது பெரிய விடயமாகத் தோன்றுவதில்லை.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. வெறுமையான வரியைக் கண்டால் பெற்றோரைத் தனியாக அழைத்து, எந்த ஊசி, எந்தக் கிளினிக், எந்தக் கிழமை என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். அந்தப் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தருக்கும் சொல்லிவிடுங்கள். பிள்ளையைச் சேர்க்கமாட்டேன் என்று மட்டும் சொல்லவேண்டாம். முன்பள்ளியும் இல்லாமற்போனால் அந்தப் பிள்ளையைக் கவனிக்கும் கண்களில் ஒன்று குறைந்துவிடும்.

கேள்வி: என் மகனுக்கு இப்போது ஏழு மாதம். இரண்டாம் மாத ஊசி மட்டுமே ஏற்றியிருக்கிறது. ஒவ்வொரு கிளினிக் நாளும் தடிமனோ வயிற்றோட்டமோ வந்துவிடுகிறது. இனி முதலிலிருந்து தொடங்கவேண்டுமா? கொண்டுபோனால் ஏசுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. – கோப்பாய்

பதில்: முதலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை. இரண்டாம் மாதத்தில் ஏற்றியது ஏற்றியதுதான். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிந்திய ஊசிகளைக் குறைந்தது நான்கு வார இடைவெளியில் ஏற்றலாம் என்பதால், இந்த வாரம் போனால் ஒன்பது மாத எம்.எம்.ஆருக்கு முன்னரே ஐங்கூட்டு மூன்றும் முடிந்துவிடும்.

தடிமன், இலேசான இருமல், இலேசான காய்ச்சல், சாதாரண வயிற்றோட்டம் ஆகிய எதுவும் ஊசியைத் தள்ளிவைக்கக் காரணமாகா. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் ஏற்றலாம். குறைப்பிரசவத்தில் பிறந்த பிள்ளைக்கும், நிறை குறைந்த பிள்ளைக்கும், பெருமூளை வாதமுள்ள பிள்ளைக்கும், குடும்பத்தில் யாருக்கோ வலிப்பு வந்த வரலாறுள்ள பிள்ளைக்கும் ஏற்றலாம். சொல்லப்போனால் இவர்களுக்குத்தான் அது கூடுதலாகத் தேவை. நலிந்த பிள்ளையைக் குக்கல் பிடித்தால் என்னவாகும் என்பதை நினைத்துப் பாருங்கள். குறைமாதப் பிள்ளையின் வயதைப் பிறந்த நாளிலிருந்தே கணக்கிட வேண்டும். "இன்னும் தேறட்டும்" என்று இரண்டு மாதம் கூட்டிக் கணக்குப் போடுவது எங்கள் வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு.

உண்மையில் நிறுத்தவோ ஒத்திவைக்கவோ வேண்டிய சந்தர்ப்பங்கள் சில உண்டு. முன்பு ஏற்றிய அதே ஊசிக்கு மூச்சுத்திணறலோ மயக்கமோ வரும் அளவுக்குக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் அதை மீண்டும் ஏற்றக்கூடாது. பிறவியிலேயே நோயெதிர்ப்புச் சக்தி குன்றிய பிள்ளைக்கும், புற்றுநோய் மருந்தோ அதிகளவு ஸ்டீரொயிட் மருந்தோ பெறும் பிள்ளைக்கும் எம்.எம்.ஆர். போன்ற, வலுக்குறைத்த உயிருள்ள கிருமி கொண்ட ஊசிகளை வைத்திய ஆலோசனையின்றி ஏற்றுவதில்லை. அண்மையில் இரத்தம் ஏற்றப்பட்டிருந்தால் எம்.எம்.ஆரைப் பிற்போடுவார்கள். கடும் காய்ச்சலோடு சோர்ந்து கிடக்கும் பிள்ளைக்கு அது தணிந்த பின் ஏற்றுவார்கள். எது இலேசானது, எது கடுமையானது என்று தீர்மானிக்கும் பொறுப்பை நீங்கள் சுமக்கவேண்டாம். பிள்ளையைக் கொண்டுபோங்கள், கிளினிக்கிலுள்ள வைத்திய அதிகாரி பார்த்துச் சொல்லட்டும்.

ஏச்சைப் பற்றி: ஊசி ஏற்றும் நாள் வரை காத்திராமல், முதல் நாளே குடும்பநல உத்தியோகத்தருக்குத் தொலைபேசியில் "பிந்திவிட்டது, நாளைக்குக் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அநேகமாக அவர் உங்களைத் தேடிக்கொண்டிருந்திருப்பார்.

கேள்வி: என் மகள் தன் பிள்ளைக்கு ஒன்பது மாத ஊசி ஏற்ற மறுக்கிறாள். வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவர் குடும்ப வட்ஸ்அப் குழுவில் அனுப்பிய காணொளியில், அந்த ஊசியால் ஓட்டிசம் வரும் என்று ஒரு டொக்டரே சொல்கிறாராம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவளுக்கு எப்படி விளக்குவது? – பருத்தித்துறை

பதில்: இந்தக் கதையின் வேர் 1998இல் இலண்டனில் இருக்கிறது. அன்ட்ரூ வேக்பீல்ட் என்ற வைத்தியரும் வேறு சிலரும் 12 பிள்ளைகளைப் பற்றி லான்செற் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினர், எம்.எம்.ஆருக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்ற ஐயம் அதிலிருந்தே பரவியது. பின்னர் நடந்த விசாரணைகளில் அந்த ஆய்வு நேர்மையாக நடத்தப்படவில்லை என்பது வெளியானது; 2010 பெப்ரவரியில் இதழ் அக்கட்டுரையை முற்றாக மீளப்பெற்றது; அதே ஆண்டில் பிரித்தானிய மருத்துவப் பேரவை அவரை வைத்தியர் பதிவேட்டிலிருந்து நீக்கியது. அதன் பின்னர் பல நாடுகளில் பெரிய ஆய்வுகள் நடந்துள்ளன. டென்மார்க்கில் 6 இலட்சத்து 57 ஆயிரத்து 461 பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஊசி ஏற்றிய பிள்ளைகளுக்கும் ஏற்றாத பிள்ளைகளுக்கும் இடையில் ஓட்டிசம் ஏற்படுவதில் அப்படியான வேறுபாடு எதுவும் காணப்படவில்லை.

இருந்தாலும் காணொளியில் அழும் தாய் பொய் சொல்வதாக மகளிடம் சொல்லவேண்டாம். ஓட்டிசத்தின் அறிகுறிகளைப் பெற்றோர் கவனிக்கத் தொடங்குவது பெரும்பாலும் பிள்ளையின் இரண்டாவது வயதில்: கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை, சொல்லத் தொடங்கிய சொற்களும் நின்றுவிட்டன என்று. பல நாடுகளில் எம்.எம்.ஆர். ஏற்றப்படுவதும் அந்த வயதை ஒட்டித்தான். ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததை ஒன்றால் மற்றது நடந்ததாகக் கொள்வது மனித மனத்தின் இயல்பு. உங்கள் பேரப்பிள்ளைக்கு ஊசி ஏற்றினால் உண்மையில் எதிர்பார்க்கக்கூடியது வேறு: ஏழு முதல் பன்னிரண்டு நாள்களுக்குள் ஒருவேளை காய்ச்சலும், சிலவேளை மேலில் இலேசான தடிப்பும் வரலாம். காய்ச்சலுக்கு நிறைக்கேற்ற அளவில் பனடோல் பாணி கொடுத்தால் போதும். மிகச் சில பிள்ளைகளுக்கு அந்தக் காய்ச்சலோடு வலிப்பு வருவதுண்டு. பார்ப்பவரைப் பதறவைக்கும், பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவும் வேண்டும், ஆனால் அதனால் பிற்கால வளர்ச்சி பாதிக்கப்படுவதில்லை.

உங்கள் மகளின் பயத்தை வெளிநாட்டு வதந்தி மட்டுமே வளர்த்தது என்றும் எண்ணவேண்டாம். எங்கள் நாட்டிலேயே 2008 ஜனவரியில் ஐங்கூட்டு ஊசி அறிமுகமானபோது, ஊசிக்குப் பின் நிகழ்ந்த சில குழந்தை மரணங்களை அடுத்து ஏப்ரலில் அது நிறுத்திவைக்கப்பட்டது. நிபுணர்கள் ஆராய்ந்து, மரணங்களுக்கு ஊசி காரணமென்று கொள்ள இடமில்லை என்று கண்ட பின்னர், 2010இல் மீண்டும் தொடங்கப்பட்டது. சந்தேகம் வந்தவுடன் நிறுத்தி ஆராய்ந்தார்கள் என்பது எனக்கு நம்பிக்கை தரும் செய்தி. வேறொருவருக்கு அதுவே பயம் தரும் செய்தியாக இருக்கலாம். இதை மறைக்காமல் சொன்னால்தான் மற்றதையும் நம்புவார்கள்.

மகளிடம் சின்னமுத்தைப் பற்றியும் பேசுங்கள். 2013, 2014ஆம் ஆண்டுகளில் அது நாட்டில் பரவியபோது ஒரு வயது நிரம்பாத குழந்தைகள் பெருமளவில் பாதிக்கப்பட்டனர். அதனால்தான் 12 மாதத்தில் ஏற்றப்பட்ட எம்.எம்.ஆர். 2015இல் ஒன்பது மாதத்துக்கு முன்தள்ளப்பட்டது. 2019இல் சின்னமுத்தை ஒழித்த நாடாக இலங்கை அறிவிக்கப்பட்டது. ஆயினும் 2023இல் மீண்டும் நோயாளிகள் தோன்றவே, 2024 ஜனவரியில் ஒன்பது மாவட்டங்களில் ஆறு மாதம் நிரம்பிய குழந்தைகளுக்கு மேலதிகமாக ஓர் ஊசி ஏற்றினார்கள். ஒரு சின்னமுத்து நோயாளி, பாதுகாப்பில்லாத பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்கு அதைத் தொற்றவைக்க வல்லவர் என்பதால், சமூகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் இரண்டு தடவையும் ஊசி பெற்றிருந்தாற்றான் பரவல் நிற்கும். ஒருமுறை பேசினால் மனம் மாறாது. நீங்களும் கூடப் போய், சுகாதார வைத்திய அதிகாரியிடம் அவள் தன் கேள்விகளைத் தானே கேட்க விடுங்கள்.

கேள்வி: நாங்கள் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து அண்மையில் ஊர் திரும்பியவர்கள். பிள்ளைக்கு இரண்டு வயது. ஊசி அட்டை இந்தியாவினுடையது. இங்கே ஏற்பார்களா? எல்லாவற்றையும் திரும்ப ஏற்றுவார்களோ என்று பிள்ளையின் தாய் கொண்டுபோகத் தயங்குகிறார். – தெல்லிப்பழை

பதில்: அட்டையைக் கவனமாகக் கொண்டுபோங்கள், அங்கே ஏற்றியவை இங்கேயும் கணக்கில் எடுக்கப்படும். இந்திய அட்டவணையில் ஐங்கூட்டு ஊசி 6, 10, 14 வாரங்களில் ஏற்றப்படுகிறது. எங்களுடையதைவிட நெருக்கமாகத் தெரிந்தாலும், நான்கு வார இடைவெளி இருப்பதால் அது செல்லும். வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. இந்திய அரசுத் திட்டத்தில் ஒன்பது மாதத்திலும் பதினாறு மாதத்துக்குப் பின்னரும் ஏற்றப்படுவது சின்னமுத்து, ருபெல்லா ஆகிய இரண்டுக்குமானது. கூகைக்கட்டு அதில் இல்லை. யப்பானிய மூளையழற்சிக்கான ஊசியும் அங்கே நோய் காணப்படும் மாவட்டங்களில் மட்டுமே ஏற்றப்படுகிறது. ஆகவே உங்கள் பிள்ளைக்கு இவ்விரண்டும் பாக்கியாக இருக்கலாம். சுகாதார வைத்திய அதிகாரி அட்டையைப் பார்த்து எஞ்சியவற்றுக்கு ஒரு கால ஒழுங்கு தருவார்.

முகாமில் ஏற்றிய ஊசிக்கு அட்டையே இல்லாத பிள்ளைகள் சிலருண்டு. அவர்களுக்கு, ஏற்றாததாகக் கொண்டு சில ஊசிகளை மீண்டும் ஏற்ற நேரிடலாம். எம்.எம்.ஆரையோ போலியோச் சொட்டையோ ஒரு தடவை கூடுதலாகப் பெறுவதால் கெடுதியில்லை. பிறப்புச் சான்றிதழ், குடியுரிமைப் பத்திரம் எல்லாம் கைக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அவை வரும்போது வரட்டும், நீங்கள் இருக்கும் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையை இப்போதே பதிந்துவிடுங்கள். கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ வந்து தங்கும் குடும்பங்களுக்கும் இதையே சொல்வேன்.

கேள்வி: கடல் கொந்தளிப்பால் படகு ஓடாமல் எங்கள் கிளினிக் பிற்போடப்பட்டுவிட்டது. ஊசி பிந்தினால் பயன் குறையுமா? மேலும், குறிகட்டுவானிலிருந்து வெயிலில் வரும் மருந்து பழுதடைந்திருக்காதா? – நெடுந்தீவு

பதில்: பிந்திய ஊசியின் பயன் குறையாது, பிந்தும் நாள்களில் பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லை என்பதே குறை. அடுத்த படகு ஓடும் நாளில் ஏற்றினால் சரி. அலுவலாக நகருக்குப் போக நேர்ந்தால் கொப்பியையும் கையோடு கொண்டுபோங்கள். எந்தப் பிரிவுக் கிளினிக்கிலும் நிலைமையைச் சொல்லிக் கேட்கலாம்.

மருந்து 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்கவேண்டும். அதற்காகவே ஐஸ் பொதிகள் வைத்த குளிர்ப் பெட்டியில் வருகிறது. வெப்பம் பட்டதா என்பதை நீங்களே பார்க்கவும் ஒரு வழியுண்டு. பல குப்பிகளின் மேல் சிறிய வட்டமும் அதனுள் ஒரு சதுரமும் அச்சிடப்பட்டிருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து நல்லது. வெப்பம் பட்டுப் பட்டு அது கறுத்து வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் பாவிக்கமாட்டார்கள். காட்டும்படி கேட்டால் தாதி கோபிக்கமாட்டார். உறைந்துபோன மருந்தை இந்தக் குறி காட்டாது. ஐஸ் கட்டியோடு நேரே ஒட்டவைக்காமல் பார்த்துக்கொள்வது ஊழியரின் வேலை.

கேள்வி: மூத்த பிள்ளைக்கு அம்மாள் வருத்தம். வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறோம். தண்ணீர் வார்க்கும் வரை கைக்குழந்தையை ஊசிக்குக் கொண்டுபோகக் கூடாது என்று மாமி சொல்கிறார். அவர் சொல்வது சரியா? – மானிப்பாய்

பதில்: பாதி சரி. மூத்தவருக்கு வந்திருப்பது கொப்புளிப்பான் என்றால், தம்பிக்கோ தங்கைக்கோ ஊசி ஏற்றத் தடையில்லை. ஆனால் அந்தக் கைக்குழந்தைக்கும் நோய் உள்ளே தொற்றி, வெளியே தெரியாமல் இருக்கக்கூடும். தொற்றிய பத்து முதல் இருபத்தொரு நாள்களுக்குள்தான் கொப்புளம் வெளிப்படும். கிளினிக்கில் பச்சைக் குழந்தைகளும் கர்ப்பிணித் தாய்மாரும் நெருங்கி உட்கார்ந்திருப்பார்கள். எனவே குடும்பநல உத்தியோகத்தருக்குச் சொல்லி அவர் குறிக்கும் நாளில், குறிக்கும் நேரத்தில் போங்கள். வேப்பிலை கட்டி வீட்டாரை வெளியே போகவிடாமல் வைத்த முன்னோரின் வழக்கம் இந்த ஒரு விடயத்தில் மருத்துவத்தோடு ஒத்துத்தான் போகிறது. தண்ணீர் வார்த்த பின்னர் ஊசி நினைவிலிருந்து போய்விடுவதே அதிலுள்ள ஆபத்து. திகதியை நாட்காட்டியில் எழுதிவையுங்கள்.

அம்மாள் என்று சின்னமுத்தையும் சொல்வதுண்டு. வந்திருப்பது அதுவாக இருந்தால் கணக்கு முற்றிலும் மாறும். தொடர்பு ஏற்பட்ட 72 மணித்தியாலத்துக்குள், ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு எம்.எம்.ஆர். ஏற்றினால் நோயைத் தடுக்கவோ தணிக்கவோ வாய்ப்புண்டு. அப்போது காத்திருப்பதுதான் தவறு. காய்ச்சல், இருமல், கண் சிவப்பு ஆகியவற்றோடு முகத்திலிருந்து கீழ்நோக்கிப் பரவும் செந்நிறத் தடிப்பு என்றால் அன்றைக்கே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவியுங்கள்.

கேள்வி: ஆறாம் ஆண்டு படிக்கும் மகளுக்குப் பாடசாலையில் ஊசி ஏற்றச் சம்மதம் கேட்டுக் கடிதம் வந்தது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு இந்த வயதில் ஏன் ஊசி? – சுன்னாகம்

பதில்: அந்தப் புற்றுநோய்க்குக் காரணமான பப்பிலோமா வைரஸ் உடலுக்குள் வருமுன் ஏற்றினால்தான் ஊசி முழுப் பயன் தரும், வளர்ந்த பின் ஏற்றுவதைவிடச் சிறு வயதில் எதிர்ப்புச் சக்தியும் நன்றாக உண்டாகிறது. இலங்கையில் 2017இலிருந்து பெண் பிள்ளைகளுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவைகள் ஏற்றப்படுகிறது. மகளின் ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வி எதுவும் இதில் இல்லை. அன்றைக்குப் பாடசாலைக்குப் போகாமல் விட்ட பிள்ளைகள்தான் இந்த ஊசியைப் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். அப்படியானால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு ஏற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: வெள்ளத்தில் மகளின் இளஞ்சிவப்புக் கொப்பி நனைந்து கிழிந்துவிட்டது. மூன்று வயது ஊசிக்குக் கொப்பி இல்லாமல் போகலாமா? சில ஊசிகளைத் தனியார் வைத்தியசாலையிலும் ஏற்றினோம். – நாவற்குழி

பதில்: போகலாம். ஊசி விபரம் உங்கள் கொப்பியில் மட்டும் இருப்பதில்லை. குடும்பநல உத்தியோகத்தர் வைத்திருக்கும் பிறப்பு, தடுப்பூசிப் பதிவேட்டிலும், கிளினிக் பதிவேட்டிலும் இருக்கும். பழைய இடத்தில் ஏற்றியிருந்தால் அந்தப் பிரிவில் கேட்டு எழுதித் தருவார்கள். தனியாரிடம் ஏற்றியவை அந்தப் பதிவேடுகளில் இல்லாதிருக்கக்கூடும். அவ்வைத்தியசாலையில் பற்றுச்சீட்டையும் பிள்ளையின் பெயரையும் கொடுத்து, மருந்தின் பெயர், ஏற்றிய திகதி, தொகுதி இலக்கம் ஆகிய மூன்றையும் எழுதி வாங்குங்கள். தனியாரிடம் ஏற்றும் பெற்றோர் பலர் கொப்புளிப்பானுக்கும் ரொட்டா வைரசுக்கும் பணம் கொடுத்து ஏற்றிவிட்டு, அரச அட்டவணையிலுள்ள யப்பானிய மூளையழற்சி ஊசியை மறந்துவிடுவதுண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுக் கொப்பி கிடைத்ததும் தடுப்பூசிப் பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துப் பிள்ளையின் அம்மம்மாவுக்கும் ஒன்று அனுப்பிவையுங்கள்.